முடிஞ்சுதா சார்?

கோப்பை நிரம்பிவிட்டது. தேநீர் விளிம்பைத் தாண்டி சாஸரில் இறங்குகிறது. சாஸரும் நிரம்பி, மேஜை விரிப்பின் பக்கம் வழி தேடத் தொடங்குகிறது. இயக்குநர் இரண்டு கைகளையும் முழங்கால்மேல் வைத்துக்கொண்டு, ஊற்றுகிற பக்கத்து வீட்டு அம்மாளைப் பார்த்துப் புன்னகை செய்கிறார். அந்த அம்மாளும் பதிலுக்குப் புன்னகைத்தபடி ஊற்றிக்கொண்டே இருக்கிறார். வந்தவர் சொல்லாமல் தானாக நிறுத்துவது மரியாதை இல்லையே. கடைசியில் இயக்குநரின் மனைவிதான் குறுக்கே கை நீட்டி, "போதும்மா, அவருக்குப் போதும்" என்கிறார். பக்கத்து வீட்டு அம்மாளின் முகம் லேசாகச் சுருங்குகிறது. அந்தச் சுருக்கம் இயக்குநரைப் பார்த்து அல்ல, மனைவியைப் பார்த்து.

எந்த வீட்டுக்குப் போனாலும் இதே கதைதான். திரும்பி வரும் வழியெல்லாம் மனைவி சொல்லிக்கொண்டு வருவார்: "வாய்ல வரலேன்னா கையையாவது கப்பு மேல வைங்களேன். அதுக்கென்ன காசா பணமா?" இயக்குநர் நிஜமாகவே வருத்தப்பட்டுச் சொல்வார்: "ஆசையா ஊத்துறாங்கம்மா. நடுவுல கைய வச்சா அவங்க மனசு என்ன பாடுபடும்?"

அறுபத்தேழு வயதாகிறது. இதுவரை ஒருவரையும் அவர் நடுவில் நிறுத்தியதில்லை. முடிதிருத்துகிறவர் "போதுமா சார், இன்னும் எடுக்கட்டுமா?" என்று கேட்டால், "உங்களுக்கு எப்படித் தோணுதோ" என்பார். ஒருமுறை அப்படி அவருக்குத் தோன்றிக்கொண்டே போனதில், வீட்டுக்கு வந்தவரை மனைவி ஜன்னல் வழியாகப் பார்த்து "யாரு வேணுங்க?" என்று கேட்டதாக அவருடைய மைத்துனர் சொல்வார். மைத்துனர் சொல்வதில் பாதியைத் தள்ளிவிட வேண்டும். ஆனால் காப்பீடு விற்கத் தொலைபேசியில் கூப்பிட்ட பெண்ணின் கதை முழுக்க உண்மை. அந்தப் பெண் திட்டங்களை எல்லாம் சொல்லி முடித்து, மேலதிகாரியின் கொடுமையைச் சொல்லி, நிச்சயமாகி நின்றுபோன கல்யாணத்தையும் சொல்லி, ஐம்பதாவது நிமிடத்தில் களைத்துப்போய், "சார், நானே வச்சுடட்டுமா?" என்று கேட்டாள்.

பிழைப்புக்கு ஒரு போட்டோ ஸ்டுடியோ. வீட்டின் முன்னறைதான் ஸ்டுடியோ. பாஸ்போர்ட்டுக்கும் அடையாள அட்டைக்கும் படம் எடுக்க வருகிறவர்கள் முக்காலியில் விறைத்து உட்கார்வார்கள். இவர் கேமராவுக்குப் பின்னால் குனிவார், விளக்கு ஒருமுறை மின்னும். அதற்குப் பிறகு ஒன்றும் நடக்காது. எழுந்திருங்கள் என்று எப்படிச் சொல்வது, அவர்கள் இன்னும் சௌகரியமாக உட்கார்ந்திருக்கிறார்களே என்று இவர் நிற்பார். எழுந்தால் படம் கெட்டுவிடுமோ என்று அவர்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். ஒரு கட்டத்தில் உதடு அசையாமல் கேட்பார்கள்: "முடிஞ்சுதா சார்?"

இந்த மனிதர் ஒருகாலத்தில் மூன்று திரைப்படங்களை இயக்கினார் என்பதும், அந்தப் படங்களுக்காக உயிரைக்கூடக் கொடுக்கத் தயாராக இருக்கும் ஒரு கூட்டம் இன்றைக்கும் இருக்கிறது என்பதும் அந்த முக்காலியில் உட்காருகிறவர்களில் பெரும்பாலோருக்குத் தெரியாது.

படப்பிடிப்பில் அவர் "ஆக்‌ஷன்" சொல்வார். அதில் பிரச்சினை இல்லை. ஆரம்பித்து வைப்பது நல்ல காரியம். "கட்" என்பதுதான் வாயில் வராது. ஒருவர் நடித்துக்கொண்டிருக்கும்போது நிறுத்து என்று கத்துவது அடாவடி என்று நினைத்தார். நடிகர்கள் வசனத்தைச் சொல்லி முடித்துவிட்டு நிற்பார்கள். மூக்கைச் சொறிவார்கள். ஒருவரை ஒருவர் பார்ப்பார்கள். அந்தக் காலத்துக் கேமராவில் நானூறு அடிச் சுருள் நாலு நிமிடச் சொச்சத்தில் தீர்ந்துவிடும். சுருள் தீர்ந்தால் காட்சி தீர்ந்தது. படத்தைத் தொகுத்தவர், "இங்க வெட்டிடட்டுமா?" என்று ஒவ்வொரு இடத்திலும் கேட்டார். இயக்குநர் திரையைப் பார்த்துவிட்டு, "அவர் இன்னும் நிக்கிறாரே, பாவம்" என்றார். தொகுத்தவர் இரண்டு நாளில் கேட்பதை விட்டுவிட்டார்.

இரண்டாவது படத்தில் வில்லனாக நடித்தவர் மேற்படி மைத்துனர். மனைவியின் தம்பி. லிஃப்ட் மெக்கானிக். வேறு யாரும் கிடைக்காததால் வில்லனானார். இயக்குநரின் வீட்டுக் கூடத்தில் எடுத்த காட்சி அது. "நாளைக்குக் காலைல இந்த வீடு இருக்கும். நீ இருக்க மாட்டே" என்று மிரட்டுகிறார். அதோடு வசனம் முடிந்தது. பிறகு சட்டைப் பொத்தானைச் சரிபார்க்கிறார். ஒரு ஈ வந்து தோளில் உட்காருகிறது, அதை விரட்டுகிறார். சுவர்க் காலண்டரைப் படிக்கிறார். ஈ திரும்பி வருகிறது. கடைசியில் நேராகக் கேமராவைப் பார்த்து, பரிதாபமாக, "முடிஞ்சுதா?" என்கிறார். சுருள் தீர்கிறது.

படம் மூன்று நாள் ஓடியது. மூன்றாம் நாள் ஓடியதுகூட, சுவரொட்டியைக் கிழிக்க ஆள் வராததால்தான் என்பது மைத்துனரின் கணக்கு.

இருபது வருடம் கழித்து, யாரோ ஒரு புண்ணியவான் அந்தத் துண்டை மட்டும் வெட்டிக் கைப்பேசிகளில் உலவவிட்டார். அலுவலகக் கூட்டம் நீண்டுகொண்டே போகும்போது ஊழியர்கள் மேஜைக்கு அடியில் ஒருவருக்கொருவர் அதை அனுப்பிக்கொண்டார்கள். விளையாட்டாக ஆரம்பித்தவர்களில் சிலர் முழுப் படத்தையும் தேடிப் பார்த்தார்கள். பார்த்தவர்கள் திரும்பி வரவில்லை. ரசிகர் மன்றமாகிவிட்டார்கள். சந்தித்தால் "முடிஞ்சுதா?" என்று கேட்டுக்கொள்கிறார்கள். "இன்னும் இல்ல" என்பது பதில் வணக்கம். முதல் கூட்டத்தில், கூட்டம் முடிந்தது என்று சொல்வது தலைவரின் கொள்கைக்கு விரோதம் என்பதால் யாரும் சொல்லவில்லை; காவலாளி வெளியே பூட்டிக்கொண்டு போய்விட்டார். அந்த ஈக்கு மன்றத்தில் தனிப்பிரிவு உண்டு.

மன்றச் செயலாளர் ஒரு பல் டாக்டர். அவர் கிளினிக்கில் நாற்காலிக்கு நேர் மேலே, கூரையில், மைத்துனரின் முகத்தைப் பெரிதாக ஒட்டி, கீழே "முடிஞ்சுதா?" என்று அச்சடித்திருக்கிறார். வாயைத் திறந்தபடி படுத்திருப்பவர்கள் கேட்க நினைப்பதை அது கேட்டுவிடுகிறது. வியாபாரம் குறைந்ததாகத் தெரியவில்லை.

இயக்குநரின் பாணியைப் பற்றி டாக்டர் எழுதிய புத்தகம் இருநூற்றுப் பன்னிரண்டு பக்கம். அதற்காகப் பேட்டி எடுக்க வந்தபோது, "உங்க மேல யாரோட பாதிப்பு சார் அதிகம்?" என்று கேட்டார். இரண்டு மூன்று வெளிநாட்டு மேதைகளின் பெயர்கள் வரும் என்று பேனாவைத் தயாராக வைத்திருந்தார். இயக்குநர் யோசித்துவிட்டு, "எங்க பெரியப்பாதான்" என்றார்.

அது சத்தியமான வார்த்தை. அவர் வளர்ந்தது கூட்டுக் குடும்பத்தில். பெரியப்பா சாப்பிடும்போது கதை சொல்வார். நடுவில் யாராவது குறுக்கிட்டால் கோபித்துக்கொள்ள மாட்டார். அமைதியாக முதலிலிருந்து ஆரம்பிப்பார். தண்ணீர் கேட்டாலும் முதலிலிருந்து. தும்மினாலும் முதலிலிருந்து. ஒருநாள் யாரோ விக்கியதால் மதியச் சாப்பாடு விளக்கு வைக்கும்வரை நீண்டது. அந்த வீட்டுப் பிள்ளைகள் வாயைக் கட்டிப்போடப் பழகினார்கள். மற்றவர்கள் வளர்ந்தபின் அவிழ்த்துக்கொண்டார்கள். இவர் அவிழ்க்கவில்லை.

டாக்டர் இதைக் கேட்டுக் கண்கலங்கினார். புத்தகத்தில் 'பெரியப்பா மரபு' என்றே ஒரு அத்தியாயம் இருக்கிறது. பெரியப்பாவின் புகைப்படம் வேண்டும் என்று கேட்டு வாங்கிப்போனார்கள். ஒரு கல்யாணத்துக் கூட்டப் படத்தில், வாயைத் திறந்து எதையோ சொல்லிக்கொண்டிருக்கும் பெரியப்பா இப்போது நூற்றைம்பது பனியன்களின் முதுகில் இருக்கிறார்.

இதுவரைக்கும் எல்லாம் வேடிக்கைதான். வினை வந்தது அந்த இரண்டாவது படத்தின் முப்பதாம் ஆண்டு விழாவில்.

அந்தப் புகழ்பெற்ற காட்சியை, அதே கூடத்தில், அதே மைத்துனரை வைத்து, அவரே மறுபடி இயக்க வேண்டும் என்று மன்றம் விரும்பியது. ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை கூடத்தைக் கொடுத்தால் போதும் என்றார் டாக்டர். இயக்குநர் சரி என்றார். டாக்டரும் இருபது பேரும் பத்து நாள் முன்னதாகவே வந்துவிட்டார்கள், கூடத்தை "அந்தக் காலத்துக்கு" கொண்டுவர. மனைவி ஆசைப்பட்டுப் பூசிய வெளிர்மஞ்சள் சுவரைச் சுரண்டிப் பழைய பச்சையை அடித்தார்கள். சோபாவை மாடிப்படிக்குக் கீழே தள்ளினார்கள். பெரிய ஜன்னலைக் கழற்றிவிட்டு, எங்கோ உடைத்த வீட்டிலிருந்து ஒரு சின்ன ஜன்னலைக் கொண்டுவந்து பொருத்தினார்கள். மனைவி ஓய்வுபெற்ற கணக்கு டீச்சர். கூடத்தில் மாலைநேர வகுப்பு நடத்துகிறவர். அவருடைய கரும்பலகை எங்கே போனது என்றே தெரியவில்லை. சமையலறைக்குப் போகிற வழியில் ஈப் பிரிவினர் இருவர் உட்கார்ந்து, பொருத்தமான ஈயைத் தேர்ந்தெடுத்துக்கொண்டிருந்தார்கள்.

வியாழக்கிழமை மனைவி கணவரை ஸ்டுடியோவுக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். முக்காலியில் அவரை உட்காரவைத்தார்.

"என்னங்க, ஒன்னு கேக்கறேன். கல்யாணமாகி முப்பத்தெட்டு வருஷத்துல யாரையாவது நீங்க போதும்னு சொல்லி அனுப்பியிருக்கீங்களா?"

"அதான் நீ சொல்லிடறியே."

"ஆமா. நான்தான் சொல்றேன். ஊத்துறவங்களுக்கு நான் சொல்றேன். விக்க வர்றவங்களுக்கு நான் சொல்றேன். மூணு மாசம் தங்கிட்டுப் போன உங்க சித்தப்பா பையனுக்கு நான் சொன்னேன். உங்களுக்குத் தங்கமான மனுஷன்னு பேரு. எனக்கு முசுடுன்னு பேரு. உங்க போதும் எல்லாத்தையும் நானே சொல்லிச் சொல்லி, நான் எப்படிப்பட்டவள்னே எனக்கு மறந்துபோச்சு." அவர் குரல் உயரவில்லை. வகுப்பில் கணக்குச் சொல்லித்தரும் குரல்தான். "இந்தத் தடவை நான் வாயத் திறக்கமாட்டேன். ஞாயித்துக்கிழமை அஞ்சு மணிக்குத் தங்கச்சி ஊருக்கு பஸ் இருக்கு. அதுக்குள்ள நீங்க சொல்லி அவங்க கிளம்பினா, பையைப் பிரிச்சுடறேன். இல்லேன்னா நான் அங்க இருக்கேன். எத்தனை நாள்னு கேக்காதீங்க."

அவர் கேட்கவில்லை. பயந்துபோனார். மனைவி வெறும் வாய்ப்பேச்சுக்கு எதையும் சொல்கிறவர் அல்ல. அதோடு, அவர் சொன்னதில் ஒரு வார்த்தையைக்கூட மறுக்க முடியவில்லை. அந்த 'நான் எப்படிப்பட்டவள்னே மறந்துபோச்சு' அவர் நெஞ்சில் முள்ளாகத் தைத்தது. இத்தனை வருடம் யார் மனதையும் நோகடிக்கவில்லை என்று நினைத்திருந்தார். நோகடித்திருக்கிறார், வீட்டுக்குள்ளேயே, தினமும்.

வெள்ளிக்கிழமை குளியலறைக் கண்ணாடி முன் நின்று பயிற்சி செய்தார். "போ" என்பது வந்தது. "தும்" வரவில்லை. "போ... போ..." என்று கால்மணி நேரம் முயன்றார். படப்பிடிப்புக்காக வந்து தங்கி, வெளியே துண்டோடு காத்திருந்த மைத்துனர், "போகச் சொல்றீங்களா மாமா? சரி, நான் மாடில குளிச்சுக்கறேன்" என்று சொல்லிவிட்டுப் போய், அன்று முழுவதும் முகம் கொடுத்துப் பேசவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குக் காட்சி தொடங்கியது. புதுக் கேமரா. சுருள் கிடையாது. மின்சார ஒயர் சுவரில் செருகியிருந்தது. "இந்தக் கார்டுல மூணு நாள் விடாம எடுக்கலாம் சார்" என்றார் டாக்டர் பெருமையோடு. இயக்குநர் அந்த ஒயரையே பார்த்தார். கடைசிச் சொல் இயக்குநருடையது, வேறு யாரும் வாயைத் திறக்கக்கூடாது என்பது மன்றத்தின் விதி.

"ஆக்‌ஷன்" என்றார் இயக்குநர்.

மைத்துனர் மிரட்டினார். பொத்தானைப் பார்த்தார். ஈயை விட்டார்கள், அது நேராக ஜன்னலுக்குப் போய்விட்டது. காலண்டரைப் படித்தார். "முடிஞ்சுதா?" என்றார். சுவரோரம் நின்ற இருபது பேரும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். நாலு நிமிடம் ஆனது. ஐந்து ஆனது. இயக்குநர் தொண்டையைச் செருமினார். எல்லோரும் நிமிர்ந்தார்கள். அவர் மறுபடி செருமினார், அவ்வளவுதான்.

அரை மணியில் மைத்துனருக்கு முழங்கால் வலித்துத் தரையில் உட்கார்ந்தார். பதினொன்றுக்குத் தண்ணீர் கேன் போடுகிறவர் தோளில் கேனோடு காட்சிக்குள் நுழைந்து, எல்லோரையும் பார்த்துவிட்டு, "வீட்ல யாராச்சும் தவறிட்டாங்களா?" என்று மைத்துனரிடம் மெதுவாகக் கேட்டு, கேனை வைத்துவிட்டுப் போனார். பாஸ்போர்ட் படத்துக்கு வந்த ஒருவர், ஸ்டுடியோவில் ஆள் இல்லாததால் கூடத்துக்கு வந்து, மைத்துனருக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து விறைத்துக்கொண்டார். மதியம் சாப்பாட்டுப் பொட்டலங்கள் கைமாறின. மைத்துனர் சாப்பிட்டுவிட்டுக் காட்சிக்குள்ளேயே குறட்டை விட்டார். டாக்டர் பரவசத்தில் இருந்தார். "சார் தன்னையே தாண்டிட்டார்" என்று பக்கத்தில் இருந்தவர் காதில் சொன்னார்.

இயக்குநர் கேமராவுக்குப் பின்னால் வேர்த்து விறுவிறுத்து உட்கார்ந்திருந்தார். சுவர்க் கடிகாரம் மூன்று அடித்தது. நான்கு அடித்தது. நாலே முக்காலுக்கு உள்ளறைக் கதவு திறந்தது.

மனைவி கையில் பையோடு வந்தார். வெளிவாசலுக்குப் போக வேறு வழி இல்லை. கூடத்தின் நடுவே, காட்சியின் குறுக்கேதான் போக வேண்டும். உறங்குகிற தம்பியைத் தாண்டி, விறைத்திருக்கிற பாஸ்போர்ட்காரரைத் தாண்டி, வாசற்படிக்கு முன்னால் நின்றார். திரும்பிக் கணவரைப் பார்த்தார்.

"முடிஞ்சுதா?" என்று கேட்டார்.

படத்தில் வருகிற குரல் இல்லை அது. மன்றத்தினருக்கு அது தெரியவில்லை; ஒருவர் ஆஹா என்று குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார். இயக்குநருக்குத் தெரிந்தது. அவர் எழுந்தார். உட்கார்ந்திருந்த முக்காலி பின்னால் சாய்ந்தது. வாயைத் திறந்தார்.

"போ" என்றார்.

மனைவியின் முகம் வெளுத்தது. முப்பத்தெட்டு வருடத்தில் அவர் எதிர்பார்த்திராத ஒரே வார்த்தை அது. பையை மாற்றிப் பிடித்துக்கொண்டு, ஒரு காலை வாசற்படிக்கு வெளியே வைத்தார். இயக்குநர் கையை நீட்டினார். கழுத்து நரம்பு புடைத்தது. பெரியப்பா ஒருவேளை எங்கிருந்தாவது முதலிலிருந்து ஆரம்பித்துவிடுவாரோ என்று பயந்தவர்போலக் கண்ணை இறுக மூடிக்கொண்டார்.

"தும்" என்றார்.

மனைவியின் கால் வெளியே இருந்தபடியே நின்றது. பாஸ்போர்ட்காரர் மூச்சை விட்டார். மைத்துனர் விழித்து, "என்ன மாமா, முடிஞ்சுதா?" என்றார்.

டாக்டர்தான் முதலில் வாய் திறந்தார். "சார், இதுக்குத்தான் சார் முப்பது வருஷம் காத்திருந்தோம். ஆனா ஒரு சின்ன விஷயம். எங்க சவுண்டு ஆள் தூங்கிட்டார். இன்னொரு தடவை சொல்லிடறீங்களா? வாயை மட்டும் இன்னும் கொஞ்சம் நல்லாத் திறந்து."

பழைய புன்னகை இயக்குநரின் உதட்டுக்கு வந்தது. உங்களுக்கு எப்படித் தோணுதோ என்று சொல்வதற்கான புன்னகை. அவர் டாக்டரைப் பார்த்தார். பிறகு வாசற்படிக்கு வெளியே இருந்த அந்த ஒற்றைச் செருப்பைப் பார்த்தார்.

"இல்ல டாக்டர். ஒரு தடவை சொன்னதே போதும்" என்றார். இந்தத் தடவை அந்தச் சொல் நடுவில் எங்கும் உடையவில்லை. "நாளைக்குச் சாயங்காலம் டீச்சருக்கு கிளாஸ் இருக்கு. ஜன்னலை மாட்டிட்டுக் கிளம்புங்க."

மனைவி காலை உள்ளே எடுத்தார். அழுகிறாரா சிரிக்கிறாரா என்று சொல்ல முடியவில்லை. பையைக் கீழே வைப்பதற்குக் குனிந்தபடி வெகுநேரம் இருந்தார்.

ஜன்னல் திரும்பி வந்தது. கரும்பலகை, ஈ டப்பாக்களுக்கு அடியிலிருந்து கிடைத்தது. பாஸ்போர்ட்காரருக்குப் படம் எடுத்தார்கள். ஆறு மணி நேரம் கண் இமைக்காதவர் அந்தச் சமயம் பார்த்து இமைத்துவிட்டார். ஆறரைக்குக் கடைசி ஆளாக டாக்டர் புறப்பட்டார். வாசலில் நின்று எதையோ சொல்ல ஆரம்பித்தவர், இயக்குநரின் முகத்தைப் பார்த்துவிட்டு, தானே நிறுத்திக்கொண்டார்.

பச்சைச் சுவருக்குக் கீழே, திரும்பி வந்த சோபாவில், இயக்குநர் உட்கார்ந்திருந்தார். மனைவி தேநீர்க் கெட்டிலைக் கொண்டுவந்தார். அவர் முன்னால் கோப்பையை வைத்து, கெட்டிலைச் சாய்த்தார். முதல் சொட்டு விழவில்லை, அதற்குள் இயக்குநர் வலது கையைத் தூக்கி, விரல்களை நன்றாக விரித்து, காலிக் கோப்பையின் வாயை முழுவதுமாக மூடினார்.